கொடிவழியும் கணினியும்: மாத்தளைத் தோட்டத் தமிழரின் குடும்ப வரலாற்றாய்வு பற்றிய ஒரு நோக்கு

குலமுறை கூறுதல் தமிழ் மரபுக்குப் புதியதொன்றன்று. அரசர் வழங்கிய செப்பேடுகள் பல, தானத்தைக் கூறுமுன் வழிமுறையையே விரித்துரைத்தன. ஆயின், அவை ஆள்வோரின் கொடிவழிகளாகவே அமைந்தன. நிலத்தை உழுதவனுக்கும், நாற்று நட்டவளுக்கும், கூலிக்கு மலையேறியவர்களுக்கும் கல்லிலோ செம்பிலோ இடம் கிடைத்ததில்லை. அவர்களுடைய வழிமுறை வாயிலும் செவியிலும் வாழ்ந்தது. கலியாணப் பேச்சிலும் இழவு வீட்டிலும் குலதெய்வப் படையலிலும் நினைவுகூரப்பட்டது. எழுதப்படாத காரணத்தால் அது வரலாறாகக் கொள்ளப்படவில்லை. எழுதப்பட்டதே வரலாறு என்னும் கொள்கை, எழுதும் வாய்ப்பு யாரிடம் இருந்தது என்னும் வினாவை மறைத்துவிடுகின்றது.

இவ்வினா இன்று புதியதொரு சூழலில் மீண்டும் எழுந்துள்ளது. குடும்ப வரலாற்றைத் தேடும் முயற்சியிற் கணினி முதன்மையானதொரு கருவியாகிவிட்டது. பதிவேடுகளின் படிமங்கள் திரையிற் கிடைக்கின்றன. பெயரொன்றை இட்டால் நூற்றாண்டுக்கு முந்திய ஏடுகளிலிருந்தும் விடைகள் வருகின்றன. 'மலையகம் 200' என்னும் நினைவை முன்னிட்டு 2023ஆம் ஆண்டு யூலை 28ஆம் திகதி தலைமன்னாரிற் புறப்பட்ட நடைபயணம், ஆகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையில் நிறைவுற்றது. முன்னோர் நடந்த வழியைக் காலால் அளந்த அப்பயணம், அவ்வழியே வந்தவர்கள் யாவர் என்ற கேள்வியையும் பலருள்ளத்தில் எழுப்பியது. அதற்குக் கணினி விடை தருமா? மூத்தோரின் நினைவு விடை தருமா? இரண்டும் சேர வேண்டும் என்பது பொதுவாகக் கூறப்படும் மறுமொழி. ஆயின், எந்த முறையில், எந்த ஒழுங்கிற் சேர வேண்டும் என்பதே உண்மையான சிக்கலாகும். ஏட்டை முதலாகவும் வாய்மொழியைத் துணையாகவும் கொள்ளும் முறை மாத்தளைத் தோட்ட மக்களைப் பொறுத்தவரை போதாது என்பதும், அது அவர்களுக்கு முன்னர் இழைக்கப்பட்ட அநீதியொன்றை வேறு வடிவிற் புதுப்பிக்கக்கூடியது என்பதும் ஈண்டு ஆராயப்படுகின்றன.

மாத்தளையின் நிலை முதலில் நோக்கற்பாலது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் கோப்பித் தோட்டங்கள் பெருகியபோது, தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கி, காடும் வறட்சியும் நோயும் நிறைந்த வடபாதை வழியாகத் தம்புள்ளை, நாலந்தை ஆகிய இடங்களைக் கடந்து மாத்தளையை அடைந்தனர். மலைநாட்டின் வாயிலாக அவர்களுக்கு முதலில் தென்பட்டது இந்நகரே. மாசி மகத்தில் ஐந்து தேர் இழுக்கும் முத்துமாரியம்மன் கோவில், இம்மக்களின் கூட்டு நினைவில் இன்றுவரை பெறும் இடத்தை இப்பின்னணியிலேயே விளங்கிக்கொள்ள வேண்டும். பாதையில் மாண்டவர்கள் எந்தத் தோட்டத்தின் கணக்கிலும் ஏறவில்லை. பிழைத்து வந்தவர்களும் கோப்பிக் காலத்தில் நிலையாகத் தங்கியவர்களல்லர். கோப்பி பறிக்கும் பருவத்துக்கு வந்து, பருவம் முடிந்ததும் ஊர் திரும்புவோரே பெரும்பாலோராயினர். 1869ஆம் ஆண்டு தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்த பின்னர், ஆண்டு முழுவதும் கொழுந்து கொய்ய வேண்டிய தேயிலை வந்தது. அதன் பின்னரே குடும்பங்கள் லயங்களில் நிலைகொண்டன. மாத்தளையில் இறப்பரும் கொக்கோவும் ஏலமும் இவற்றோடு சேர்ந்தன. 1880இல் மாத்தளைக்கு இரயிற் பாதை வந்தது. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்குமிடையே கப்பலோடு இணைந்த இரயிற் சேவை தொடங்கியது.

இவ்வரலாறு குடும்ப வரலாற்றாய்வாளனுக்கு ஓர் எச்சரிக்கையாகும். "எங்கள் குடும்பத்தில் முதன்முதல் வந்தவர் யார், எந்த ஆண்டில் வந்தார்?" என்று கேட்பது இயல்பு. ஆயின், ஒருவரே பலமுறை வந்து போயிருக்கலாம். பாட்டன் கோப்பிக்கு வந்து திரும்ப, பேரன் தேயிலைக்கு வந்து தங்கியிருக்கலாம். ஒரு பெயர், ஒரு நாள், ஒரு கப்பல் என்று விடையை எதிர்பார்க்கும் கேள்வி வேறொரு நாட்டின் வரலாற்றிலிருந்து எடுக்கப்பட்டது.

அந்த வேறுபாடு தெளிவாக உணரப்பட வேண்டும். 1860 முதல் 1911 வரை நேட்டாலுக்குச் சென்ற ஒப்பந்தத் தொழிலாளர் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் வழங்கப்பட்டது. கப்பற் பட்டியல்களிற் பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், கிராமம் என்பன பதியப்பட்டன. அவ்வாறு எண் பெற்றோர் ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர். மொரீசியசிலும் இத்தகைய ஏடுகள் பேணப்பட்டன. மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் அவை பாதுகாக்கப்படுகின்றன. இவ்வேடுகளைக் கணினியில் ஏற்றியபோது, மூதாதையின் எண்ணை அறிந்தவருக்கு அவருடைய கிராமமும் கிடைத்தது. அங்கே கணினி பெருஞ்சாதனை புரிந்தது என்பதில் ஐயமில்லை.

இலங்கைக்கு வந்தோர் அவ்வகையில் வந்தவர்களல்லர். அவர்கள் கங்காணியின் கீழ், அவன் கொடுத்த முன்பணத்துக்குக் கடன்பட்டு, உறவினரும் ஊரவருமாகக் கூட்டமாக வந்தார்கள். அரசுக்கும் துரைக்கும் தேவைப்பட்டவை ஆட்களின் தொகையும் கடனின் தொகையுமே. கடனைக் குறித்துத் தோட்டத்துக்குத் தோட்டம் மாற்றிய 'துண்டு' முறை 1921இல் ஒழிக்கப்படும் வரை நிலவியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தோருக்குக் கழுத்தில் மாட்டத் தகரத் துண்டுகள் வழங்கப்பட்டன. அவற்றிற் பொறிக்கப்பட்டிருந்தது ஆளின் பெயரன்று, தோட்டத்தைக் குறிக்கும் இலக்கமே. தோட்டத்துக்குள் இருந்த முதன்மையான ஏடு செக்ரோல். தோட்டப் பேச்சிற் 'பேர்' என்னும் சொல் ஒரு நாள் வேலையைக் குறிப்பதாயிற்று. பேர் விழுந்தது என்றால் கூலி உண்டு. அரைப்பேர் என்றால் பாதிக் கூலி. மனிதரின் பெயர் உழைப்பின் அலகாக மாறிய இம்மொழி வழக்கைவிடச் சிறந்த சான்று வேறில்லை. செக்ரோல் உழைப்பை எண்ணுவதற்காக எழுதப்பட்டது. உறவை அறிவதற்காக அன்று. அதிலிருந்து குடும்பத்தைக் கட்டியெழுப்ப முயல்வோர் இதனை மறக்கலாகாது.

ஏடின்மை இம்மக்களுக்கு வெறும் ஆய்வுச் சிக்கலாக இருந்ததில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், பிறப்பையும் முன்னோரின் பிறப்பையும் சான்றுகளால் நிறுவ வேண்டிய நிலைக்கு அவர்களைத் தள்ளியது. 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானியர் வதிவிடப் பிரசாவுரிமைச் சட்டம், 1946 சனவரி முதலாந் திகதிக்கு முன்னர் மணமானோர் ஏழாண்டும் மணமாகாதோர் பத்தாண்டும் இடைவிடாது இந்நாட்டில் வதிந்தமையை நிறுவுமாறு கேட்டது. ஏறத்தாழ எட்டு இலட்சம் மக்களைப் பற்றி விண்ணப்பங்கள் செய்யப்பட்டன. பிரசாவுரிமை பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேரே. பின்னர் 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேர் 1974இற் சமமாகப் பிரிக்கப்பட்டனர். தோட்டத்தில் மூன்று தலைமுறையாகத் தேயிலை வளர்த்தவன், தன் பாட்டன் இங்கு வாழ்ந்தான் என்பதைக் கடதாசியால் நிறுவ இயலாமையால் நாடற்றவனானான். பாட்டனின் பெயரைச் சொல்ல அவனால் முடிந்தது, காட்டவே முடியவில்லை. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் எஞ்சியிருந்த நாடற்றோருக்குப் பிரசாவுரிமை வழங்கிய போதும், 'காட்டினால்தான் உண்மை' என்னும் கொள்கை விட்டுச் சென்ற வடு எளிதில் ஆறுவதன்று.

இவ்வனுபவத்தை மனங்கொண்டே கணினி முறைகளின் அடிப்படைகளைச் சீர்தூக்க வேண்டும். கணினி தானாக ஒரு கொள்கையை வகுப்பதில்லை. அதனை அமைத்தவரின் கொள்கையையே அது நடைமுறைப்படுத்துகின்றது. குடும்ப வரலாற்றுத் தரவுகளை ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றுவதற்கெனப் பரவலாகக் கையாளப்படும் 'ஜெட்கொம்' என்னும் ஒழுங்கு 1984இல் தோன்றியது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மோர்மன் திருச்சபையினர் அதனை உருவாக்கினர். முன்னோரை அறிந்து அவர்களுக்காகச் சமயச் சடங்கு செய்தல் அவர்களது நம்பிக்கை. அத்தேவையிலிருந்து பிறந்த அவர்களது உழைப்பு உலகெங்கும் ஏடுகளைப் படம்பிடித்துக் காத்தது என்பதும் உண்மை. ஆயினும் அவ்வொழுங்கு மேலைநாட்டுக் குடும்பத்தையும் மேலைநாட்டுத் தேவாலயப் பதிவேட்டையும் மனத்திற் கொண்டே வகுக்கப்பட்டது. இதனால் எழும் இடர்ப்பாடுகளை நான்காக வகுத்து நோக்கலாம்.

முதலாவது, பெயரின் ஒலி பற்றியது. பெயர்கள் பலவாறாக எழுதப்பட்டிருப்பினும் ஒன்றாகத் தேடுவதற்கு வழிசெய்யும் 'சவுண்டெக்ஸ்' முறைக்கு 1918இல் அமெரிக்காவில் றொபேர்ட் றசல் என்பவர் காப்புரிமை பெற்றார். முதலெழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு, எஞ்சிய மெய்யெழுத்துக்களை எண்களாக மாற்றி, உயிரெழுத்துக்களை விட்டுவிடுதல் அதன் நடைமுறை. இதனைத் தோட்டப் பெயர்களுக்குப் பொருத்தினால் விளைவது யாது? ஆங்கிலத்தில் ஒரு கணக்கர் 'கே' எழுத்திலும் மற்றொருவர் 'சி' எழுத்திலும் தொடங்கி எழுதிய கறுப்பன் ஒருவனே எனினும், முதலெழுத்து வேறுபடுவதால் இரு வேறு ஆட்களாகப் பிரிகின்றான். மறுபுறம், முத்து, முத்தையா, முத்தாயி, மாது என்னும் நால்வரும் ஒரே குறியீட்டினுள் அடங்கிவிடுகின்றனர். ஒருவன் இருவராகவும், ஆணும் பெண்ணும் ஒருவராகவும் ஆகும் இம்முறையில் தேடியவர் "ஏட்டில் இல்லை" என்று முடிவு செய்தால், இல்லாதது பெயரன்று. தேடிய வழியே பிழையானது. செக்ரோல் ஆங்கிலத்திலும், பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் பெரும்பாலும் சிங்களத்திலும், அழைப்பு தமிழிலும் அமைந்த சூழலில் ஒரே பெயர் மூன்று எழுத்துகளினூடாகத் திரிந்துவந்துள்ளது என்பதும் கருதத்தக்கது.

இரண்டாவது, பெயரின் அமைப்புப் பற்றியது. ஜெட்கொம் ஒழுங்கிற் பெயருக்குள் குடும்பப் பெயரைத் தனியே குறித்துக் காட்டுவதற்கு இடமுண்டு. தமிழருக்குத் தந்தையின் பெயரே முதலெழுத்தாக நிற்கும். அது தலைமுறைதோறும் மாறும். அன்றியும், பேரன் என்னும் சொல் பெயரன் என்பதன் மரூஉ. பாட்டனின் பெயரைத் தாங்குபவன் அவன். முத்துவின் மகன் கறுப்பன், கறுப்பனின் மகன் முத்து, அவனுடைய மகன் மீண்டும் கறுப்பன் என்று வழிமுறை மாறிமாறி வருகையில், ஒரே தோட்டத்தில் ஒரே பெயரும் ஒரே தந்தை பெயரும் உடைய இருவர் ஐம்பதாண்டு இடைவெளியில் வாழ்ந்திருப்பர். கணினி அவர்களை ஒருவராக இணைக்கப் பரிந்துரைக்கும். இவ்விருவரையும் பிரித்தறிவதற்குத் துணையாவது 'கட்டைக் கறுப்பன்', 'கோப்பிக்காட்டுக் கறுப்பன்' என்றாற்போல லயத்தவர் வழங்கிய பட்டப்பெயரே. அது எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை.

மூன்றாவது, உறவின் வடிவம் பற்றியது. மேலைநாட்டார் குடும்பத்தை மரமாக வரைவர். தமிழர் அதனைக் கொடிவழி என்றனர். இவ்விரு சொற்களுக்குமிடையே உள்ள வேறுபாடு வெறும் உவமை வேறுபாடன்று. மரத்தின் கிளைகள் பிரிந்தே செல்லும், மீண்டும் சேர்வதில்லை. கொடிகளோ பின்னிப் படரும். தாய்மாமன் மகளையோ அத்தை மகனையோ மணக்கும் முறையில், மாமனே மாமனாராகின்றான். இரு கிளைகள் ஒரு தலைமுறை கழித்து ஒன்றாகின்றன. கங்காணியின் கூட்டமே உறவுக் கூட்டமாக அமைந்த தோட்டங்களில் இப்பின்னல் மேலும் இறுகியது. மேலும், தந்தையின் உடன்பிறந்தோர் பெரியப்பாவும் சித்தப்பாவுமாவர். பேச்சில் அவர்களையும் அப்பா என்று குறிப்பதுண்டு. 'எங்க அப்பா கங்காணி' என்று ஒரு முதியவள் கூறும்போது அச்சொல்லின் பொருளை முறை அறிந்தவரே கேட்டுத் தெளிய முடியும்.

நான்காவதே இவையனைத்திலும் முக்கியமானது. ஜெட்கொம் ஒழுங்கின் 5.5ஆம் பதிப்பிற் சான்றுகளின் நம்பகத்தன்மையைச் சுழியம் முதல் மூன்று வரையான எண்களால் தரப்படுத்த இடமளிக்கப்பட்டுள்ளது. நேர்காணல்களும் வாய்மொழிக் குலமுறைகளும் ஐயத்துக்குரியவை என்ற முறையில் ஒன்றாந் தரத்திலும், நிகழ்ச்சிக்குப் பின்னர் அலுவல்முறையாகப் பதியப்பட்டவை இரண்டாந் தரத்திலும், நேரடி முதன்மைச் சான்று மூன்றாந் தரத்திலும் வைக்கப்பட்டுள்ளன. மாத்தளைக்கு இதனைப் பொருத்தினால், தொழிலாளியின் மொழியை அறியாத எழுதுவினைஞர் காதில் விழுந்தவாறு எழுதிய பெயரும், மதிப்பிட்டு இட்ட வயதும், அவை அலுவல்முறைப் பதிவுகள் என்பதால் இரண்டாந் தரம் பெறும். பிள்ளையைப் பெற்ற தாயின் சொல், அது வாய்மொழி என்பதால் ஒன்றாந் தரத்தில் நிற்கும். 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் விண்ணப்பங்களை ஆராய்ந்தோரும் இவ்வளவுகோலையே கையாண்டனர். அன்று அது நாட்டுரிமையைப் பறித்தது. இன்று அதே அளவுகோல் ஆய்வுமுறை என்னும் பெயரில் வருகின்றது. இவ்வொப்புமை மிகைப்படுத்தப்பட்டதெனச் சிலர் கருதலாம். ஒன்றின் விளைவு நாடு கடத்தல். மற்றதன் விளைவு ஒரு கோப்பிலுள்ள எண் மட்டுமே என்பது மெய். ஆயினும் தன் மூதாதையின் கதை 'ஐயத்துக்குரியது' என்று குறிக்கப்படுவதை மூன்றாந் தலைமுறையும் காண நேர்வது சிறிய விடயமன்று.

இங்ஙனம் கூறுவதனால் மரபுமுறை குறையற்றது என்று கொள்ளலாகாது. முதலில் அம்முறையின் வளம் யாதெனக் காணலாம். பெண் கேட்டு வருவோர் எந்த ஊர், எந்தத் தோட்டம், எந்தக் கங்காணி வழி, எந்தக் குலதெய்வம் என்று வினவுவது வழக்கம். இந்நான்கு வினாக்களும் சேர்ந்து ஒரு குடும்பத்தைச் சமூக வரைபடத்தில் நிறுத்துகின்றன. குலதெய்வம் தென்னிந்தியாவில் குறித்ததொரு கிராமத்திலோ கிராமத் தொகுதியிலோ கோயில் கொண்டிருப்பதால், மறந்துபோன ஊரைக் காட்டும் கைகாட்டியாக அது அமையக்கூடும். இழவு வீட்டில் பெண்கள் பாடும் ஒப்பாரி, பிறந்த வீட்டாரையும் உடன்பிறந்தோரையும் நிரல்பட அழைக்கின்றது. தந்தைவழியை மட்டும் பேணும் ஏடுகள் விட்டுவிடும் தாய்வழியை அது தாங்கி நிற்கின்றது. திருமணத்துக்கும் கருமாதிக்கும் எழுதப்படும் மொய்க் கணக்கு, உறவுக்காரர் எந்தெந்தத் தோட்டங்களிலிருந்து வந்தனர் என்பதைக் காட்டும் அரிய பட்டியலாகும். தோட்ட மக்களின் பாடல்களைத் தொகுத்த சி. வி. வேலுப்பிள்ளை (1914 - 1984), வாய்மொழியில் ஒரு சமூகத்தின் வரலாறு உறைந்திருப்பதை உணர்ந்து செயற்பட்ட முன்னோடி. அவரது தொகுப்பு முயற்சி இலக்கியத்தின் பொருட்டு மேற்கொள்ளப்பட்டதெனினும், குடும்ப வரலாற்றாய்வுக்கும் வழிகாட்டுகின்றது.

ஆயின், நினைவும் ஒரு சார்புடையது. நெடுந்தலைமுறைகள் சுருங்கி இரண்டு மூன்றாகிவிடும். தோல்வியும் அவமானமும் விடுபடும். கூலியாக வந்தவர் கங்காணியாக உயர்வதும், சாதி ஏணியில் ஒரு படி ஏறுவதும் கதைகளில் இயல்பாக நிகழும். கேட்பவரின் விருப்பமும் விடையைத் திரிக்கும். 1976இல் அலெக்ஸ் ஹேலி வெளியிட்ட 'வேர்கள்' என்னும் நூல் இதற்கு உலகறிந்த சான்றாகும். ஆபிரிக்க வழிவந்த ஓர் அமெரிக்கக் குடும்பத்தின் முன்னோரைக் காம்பியா நாட்டின் யுபூரே கிராமம் வரை அது தேடிச் சென்றது. கோடிக்கணக்கானோரைத் தம் முன்னோரைத் தேடுமாறு தூண்டியது. ஆயின், பின்னர் ஆராய்ந்தோர் ஏடுகள் அக்கதையோடு பொருந்தவில்லை என்றும், கிராமத்துக் கதைசொல்லி ஹேலி எதிர்பார்த்ததையே அவருக்குக் கூறியிருக்கலாம் என்றும் எடுத்துக்காட்டினர். வாய்மொழி மரபை வரலாற்று மூலமாகக் கையாளும் நெறியை வகுத்த ஜான் வன்சினா, யார், யாரிடமிருந்து கேட்டு, எச்சூழலில், யாருக்குக் கூறினார் என்பதைக் குறிக்காமல் வாய்மொழியைச் சான்றாகக் கொள்ளலாகாது என வற்புறுத்தினார். அந்நெறியைக் கைக்கொள்ளாத மரபுமுறை, எண்ணை மட்டும் நம்பும் கணினி முறையைப் போலவே குறையுடையது.

எனவே, இரண்டும் ஒன்றையொன்று திருத்தும் வகையில் இணைதல் வேண்டும். அவ்விணைப்பில் வினாவை நினைவு தொடுக்க வேண்டும். தேடலைக் கணினி செய்ய வேண்டும். முடிவை மீண்டும் நினைவின் முன் வைத்துச் சோதிக்க வேண்டும். எடுத்துக்காட்டாக ஒரு நிலையைக் கற்பித்து நோக்கலாம். இரத்தோட்டைப் பகுதியில் வாழும் மூதாட்டி ஒருத்தி, தன் பாட்டி பிறந்த தோட்டத்தை அதன் தமிழ்ப் பெயராற் கூறுகின்றாள். தோட்டங்களுக்குத் துரைமார் இட்ட ஆங்கிலப் பெயர் ஒன்று, தொழிலாளர் வாயில் வழங்கிய பெயர் வேறொன்று; ஆதலின் அப்பெயரைக் கணினியில் நேரடியாகத் தேடினால் எதுவும் கிடைக்காது. இரண்டு பெயரையும் அறிந்த முதியவர் ஒருவரோ பழைய கணக்கப்பிள்ளையோ உதவினால் ஆங்கிலப் பெயர் தெரியவரும். அதைக் கொண்டு பேர்குசன் இலங்கை வழிகாட்டியின் பழைய தொகுதிகளில் தோட்டத்தின் பரப்பு, பயிர், உரிமையாளர் ஆகியவற்றை ஆண்டுவாரியாகக் காணலாம். கோப்பி எப்போது தேயிலையாயிற்று என்பதும் அறியப்பட்டால், பாட்டியின் இளமைக் காலம் பற்றிய கதை காலத்தோடு பொருந்துகின்றதா என்று சோதிக்கலாம். குலதெய்வத்தைக் கொண்டு ஊரைத் தேடும்போதும் எச்சரிக்கை வேண்டும். பழைய பத்திரமொன்றில் 'திருச்சிராப்பள்ளி' என்றிருப்பின், அக்கிராமம் 1995இற் பிரிக்கப்பட்ட கரூர் அல்லது பெரம்பலூர் மாவட்டத்தில் இன்று இருக்கலாம். 'புதுக்கோட்டை' என்பது 1948 வரை மன்னராட்சிக்குட்பட்ட தனிச் சமத்தானமாகவும், 1974 முதல் ஒரு மாவட்டமாகவும் வழங்கிய பெயர். இத்தகைய மாற்றங்களை மறவாது நினைவில் வைத்திருத்தல் கணினிக்கு எளிது, மனிதருக்கு அரிது.

கணினியின் உண்மையான ஆற்றல் வேறோரிடத்திலும் உண்டு. தனியொரு குடும்பத்தின் நினைவு சிதைந்த ஓடு போன்றது. அதனை அதே கங்காணியின் கூட்டத்தில் வந்த ஐம்பது குடும்பங்களின் நினைவுகளோடு சேர்த்து வைத்தால், ஒன்றில் விடுபட்டது மற்றொன்றிற் கிடைக்கும். ஒன்றில் மிகைப்படுத்தப்பட்டது மற்றவற்றால் திருத்தப்படும். வன்சினா கோரிய ஒப்பீடு இதுவே. தலைமுறைகள் கடந்த இவ்வொப்பீட்டைக் கையாற் செய்தல் ஒரு வாழ்நாட் பணி. கணினியால் அது இயல்வதாகின்றது. அதுவும், 1964ஆம் ஆண்டின் ஒப்பந்தம் பிரித்த குடும்பங்களை எண்ணும்போது இத்தேவை மேலும் தெளிவாகும். அண்ணன் மாத்தளையிலும் தம்பி நீலகிரியின் கோத்தகிரியிலோ கூடலூரிலோ எனச் சிதறிய குடும்பங்கள் எத்தனையோ. 1980களில் தலைமன்னார்க் கப்பற் சேவை நின்றது. கடிதங்களும் காலப்போக்கில் நின்றன. 1977இலும் 1983இலும் மாத்தளையையும் தாக்கிய வன்செயல்களில் வீடுகள் எரிந்தபோது, தகரப் பெட்டியிற் பேணிய பத்திரங்களும் எரிந்தன. கடலுக்கு இருபுறமும் எஞ்சியுள்ள நினைவுகளை ஓரிடத்திற் பொருத்திப் பார்க்கக் கணினியைத் தவிர வேறு வழியில்லை. 2005 முதல் ஈழத்துத் தமிழ் ஆவணங்களை எண்மிய வடிவில் திரட்டிவரும் நூலகம் நிறுவனத்தின் பணி, தமிழிலேயே இத்தகைய முயற்சி இயலும் என்பதற்குச் சான்றாகும்.

அத்தகைய தொகுப்பொன்று அமையுமாயின் அது சில நெறிகளைப் பேண வேண்டும். பெயர்கள் முதலில் தமிழெழுத்தில், சொன்னவர் ஒலித்தவாறே பதியப்படல் வேண்டும்; ஏட்டிலுள்ள ஆங்கில, சிங்கள வடிவங்கள் அதனோடு இணைக்கப்படல் வேண்டும். முரண்படும் இரு கூற்றுகளில் ஒன்றை அழித்து மற்றதை நிறுத்தாமல் இரண்டையும், கூறியவர் யார் என்ற குறிப்போடு, பேண வேண்டும். சான்றுக்குத் தரம் இடுவதாயின் அது எழுத்தா பேச்சா என்பதைக் கொண்டன்றி, கூறியவருக்கும் நிகழ்ச்சிக்கும் உள்ள நெருக்கத்தைக் கொண்டு இடப்படல் வேண்டும். இவை எவையும் கணினிக்கு இயலாதவையல்ல. அமைப்பவர் கேட்டுக்கொண்டாற் செய்யக்கூடியவையே.

எனினும், கேட்டதையெல்லாம் வெளியிடலாம் என்பது இதன் பொருளன்று. லயத்தில் நான்கு சுவருக்குள் கூறப்பட்ட சாதிப் பெயரும், முறை தவறிய மணமும், தத்தெடுத்த பிள்ளையின் கதையும் உலகெங்கும் தேடிக் காணத்தக்கனவாக ஆகும்போது அவற்றின் தன்மையே மாறிவிடுகின்றது. சாதி வேறுபாட்டை ஓரளவேனும் தளர்த்திவந்த தோட்டச் சூழலில், குலதெய்வத்தின் வழியே சாதியை மீண்டும் கண்டறியும் கருவியாக இவ்வாய்வு பயன்படலாகாது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இலங்கையில் இயற்றப்பட்டமை வரவேற்கத்தக்கது. ஆயின், சட்டத்தைவிட முதன்மையானது கூறியவரின் இசைவு. மூதாட்டி தன் பேரனுக்குக் கூறியது பேரனுக்காகவே கூறப்பட்டது. அது எங்கு செல்லலாம் என்பதை அவளிடமே கேட்க வேண்டும். முன்னர் ஆட்சியாளர் இம்மக்களைக் கேளாமலே அவர்களைப் பற்றி எழுதினர். இன்று எழுதுவோர் அவ்வாறு செய்வாராயின் கருவி மாறியதேயன்றி நிலை மாறவில்லை எனலாம்.

தொகுத்து நோக்குமிடத்து, மாத்தளைத் தோட்டத் தமிழரின் குடும்ப வரலாற்றிற் கணினியா மரபா என்று கேட்பது பொருளற்றது. நேட்டாலிலும் மொரீசியசிலும் ஏடு முன்செல்ல நினைவு பின்தொடர முடிந்தது. மாத்தளையில் நினைவே முன்செல்ல வேண்டும். வடபாதையில் நடந்த தலைமுறையை நேரிற் கண்டவர் இன்றில்லை. அவர்களைக் கண்டவரிடம் கேட்டறிந்தோரும் அருகிவருகின்றனர். ஏடுகள் சுவடிக்கூடத்தில் இன்னும் ஒரு நூற்றாண்டு காத்திருக்கக்கூடும், அம்முதியோர் காத்திரார். ஆதலின், தோட்டப்புறங்களிலிருந்து பல்கலைக்கழகங்களுக்கு வந்துள்ள மாணவர் விடுமுறையில் வீடு செல்லும்போது முதலில் திறக்க வேண்டியது கணினியையன்று. பாட்டியின் அருகில் அமர்ந்து, அவள் தன் பாட்டியை என்ன பெயர் சொல்லி அழைத்தாள் என்று கேட்பதே முதற்பணி. அப்பெயரைப் பிழையின்றி எழுதிக்கொண்ட பின்னர் தேடுவதற்குக் கணினி உண்டு.